குதிரையை எப்போது திருப்புவது?

'ஃப்ரீலான்ஸ்' என்கிற வார்த்தைக்குள்ளே ஓர் ஈட்டி செருகியிருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? லான்ஸ் என்றால் குதிரை வீரன் கையில் பிடிக்கிற நீள ஈட்டி. எந்த ராஜாவுக்கும் நிரந்தரச் சொந்தமில்லாமல், கூலி கொடுக்கிறவருக்காகத் தூக்கப்படுகிற ஈட்டி, ஃப்ரீ லான்ஸ். 1820-ம் வருடத் தேதியோடு வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் சர் வால்டர் ஸ்காட் இந்த அர்த்தத்தில்தான் அந்த வார்த்தையை எழுதினார். பிற்பாடு ஈட்டி போய்ப் பேனா வந்தது. பேனா போய் கேமரா வந்தது. இப்போது லேப்டாப். மாறாத சமாசாரம் ஒன்றே ஒன்றுதான்: "ஸார், அந்த பேமென்ட்...?" என்று இழுக்கிற அந்த இழுவை!

ஆபீஸ் வேலை ஒரு பக்கம் இருக்க, சைடில் ஏதாவது கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற வாலிபர்கள் இன்றைக்குத் திருச்சியில் ஏராளம். தில்லைநகரில் ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு மேல் மொழிபெயர்ப்பு செய்கிறார். கே.கே.நகரில் ஒருத்தர் யாருக்கோ வெப்சைட் கட்டுகிறார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒருத்தர் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறார். கையெழுத்துப் போட்ட முதல் வாரம் தேன். மூன்றாவது வாரம்தான் விஷயம் தெரியும். சொன்ன வேலை வேறு, வாங்குகிற வேலை வேறு. "லோகோ ஒண்ணு போதும் தம்பி" என்றவர், பதினாறாவது தடவையாக "அந்தப் பச்சையை இன்னும் கொஞ்சம் பச்சையா..." என்கிறார். ஐம்பது பக்கம் என்று பேசியது நூற்றுப்பத்தாக வளர்ந்திருக்கிறது. கூலி மட்டும் வளரவில்லை.

பாதியில் விட்டுவிடலாமா? விட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமா? வாங்கின அட்வான்ஸ்? "நம்பினவங்களை நட்டாத்துல விட்டுட்டான்" என்று ஊர் பேசுமே?

நட்டாற்றில் விடுவதைப் பற்றிப் பேச திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்தக் கேள்விக்கு இந்த ஊர் ஏற்கெனவே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறது, 1752-ல். அதுவும் இரண்டு ஆற்றுக்கு நடுவே!

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது வலது பக்கம் திரும்பினால் மலைக்கோட்டை தெரியும். அந்தக் கோட்டைக்குள்ளே முகமது அலி உட்கார்ந்திருந்தார். அப்பா அன்வருத்தீன் 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் செத்துப்போனதும், ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டு திருச்சிக்கு ஓடி வந்தவர். வெளியே அவரை முற்றுகையிட்டுக்கொண்டு சந்தா சாகிப். இவருக்குப் பின்னால் பாண்டிச்சேரி டூப்ளேயின் பிரெஞ்சுப் பட்டாளம். அவருக்குப் பின்னால் இங்கிலீஷ்காரக் கும்பெனி. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் குதிரைப்படை. அந்தக் குதிரைக்காரர்களில் பெரும்பாலோர் யார்? ஈட்டி வாடகைக்கு, ஸார். ஃப்ரீலான்ஸர்கள்!

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துக் குதிரைப்படையில் இரண்டு ஜாதி உண்டு. 'பார்கீர்' என்றால் சர்க்கார் குதிரையில் ஏறுகிறவன். குதிரை செத்தால் சர்க்காருக்கு நஷ்டம். 'சிலேதார்' என்றால் சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்தோடு வருகிறவன். கூலி ஜாஸ்தி. ஆனால் குதிரை செத்தால் பிழைப்பே போச்சு. சம்பளம் பாக்கியில் நிற்கிறபோது சிலேதார் தன் குதிரையைக் குண்டுக்கு முன்னால் ஓட்ட யோசிப்பான். கோழைத்தனம் என்று வெள்ளைக்கார ஆபீசர்கள் எழுதி வைத்தார்கள். முதலீடு யாருடையது என்று பார்த்தால் அது கோழைத்தனம் இல்லை, கணக்கு. சொந்த லேப்டாப், சொந்தக் கரன்ட் பில், சொந்த முதுகுவலியோடு வேலை செய்கிற நீங்கள் சிலேதார். பக்கத்து சீட்டில் கம்பெனி கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர் பார்கீர்.

1752 மார்ச்சில் மேஜர் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர்ந்ததும் சந்தா சாகிப் பக்கம் ஆட்டம் கண்டது. பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, என்ன நினைத்தாரோ, ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டார். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் இரண்டு கோயில் மதில்களுக்குள்ளும் பட்டாளம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மதிலைப் பார்த்தால் பத்திரம்தான். ஆனால் சோறு வெளியிலிருந்துதானே வர வேண்டும்? கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டி சமயபுரத்தில் முகாம் போட்டார். தானியம் குவித்து வைத்திருந்த லால்குடி போயிற்று. கிழக்கே கோவிலடி போயிற்று. கடைசியில் கொள்ளிடத்து அக்கரையில் பிச்சாண்டார்கோவிலும் போய், அங்கேயிருந்து பீரங்கிக் குண்டு நேராக சந்தா சாகிப் முகாமில் விழ ஆரம்பித்தது. இன்றைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற ஊர்களாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது!

அப்போதுதான் அந்தக் குதிரைக்காரத் தலைவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இரவோடிரவாக ஓடவில்லை. நேராக சந்தா சாகிப்பிடம் போய், "நாங்கள் வேலையை விட்டுப் போகப்போகிறோம்" என்று சொன்னார்கள். அந்தக் கால வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்தக் காட்சியை விவரமாகவே எழுதியிருக்கிறார். சந்தா சாகிப் கோபப்படவில்லை. சம்பள பாக்கி பெரிய தொகை என்று ஒத்துக்கொண்டார். கையில் பணமில்லை. தன்னிடமிருந்த யானை, ஒட்டகம், தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றுக்கு ஒரு விலை போட்டு, பாக்கியில் கழித்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே குண்டு பறந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஒட்டகத்துக்கு விலை பேசிக் கணக்குத் தீர்க்கிறார்கள்! இன்றைக்குக் கம்பெனிகளில் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்' என்கிறார்களே, அதன் அசல் ஸ்ரீரங்கத்தில் நடந்திருக்கிறது. பிறகு ஆங்கிலேயரிடம் வழிவிடச் சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஏறக்குறைய 2,000 குதிரைக்காரர்களும் 1,500 காலாட்களும் நேரே சமயபுரம் போய்க் கிளைவிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். (நோட்டீஸ் பீரியட் எல்லாம் பிற்கால ஏற்பாடு.) சந்தா சாகிப் அந்த ஜூனிலேயே தஞ்சாவூர்த் தளபதி மானாஜியின் வாக்குறுதியை நம்பிச் சரணடைந்து தலையை இழந்தார். லாவும் சரணடைந்தார்.

இது கணக்குத் தீர்த்துக்கொண்டு போனவர்கள் கதை. இதே ஊரில், இதே வருடம், ஏமாற்றப்பட்டும் போகாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தர் உண்டு. எனக்கென்னவோ அவர் கதைதான் நம்முடைய வாலிபர்களுக்கு ரொம்ப நெருக்கம் என்று தோன்றுகிறது.

அவர் பெயர் நஞ்சராஜர். மைசூர் ராஜ்யத்தின் அதிகாரமெல்லாம் கையில் வைத்திருந்தவர். முற்றுகை நெருக்கிய காலத்தில் முகமது அலி அவரிடம் ஆள் அனுப்பினார். "படையோடு வாருங்கள். ஜெயித்தால் திருச்சியும் அதைச் சேர்ந்த சீமையும் உங்களுக்கே." எப்பேர்ப்பட்ட ஆஃபர்! நஞ்சராஜர் வந்தார். குத்திக்கு அதிபதியான மராட்டியத் தலைவர் முராரி ராவைக் கூலிக்குப் பேசி அவருடைய குதிரைப்படையையும் கூட்டிவந்தார். செலவெல்லாம் மைசூர்க் கஜானா.

ஜெயித்தாயிற்று. "கோட்டைச் சாவி எங்கே?" என்றார் நஞ்சராஜர்.

முகமது அலி சொன்ன பதிலை எந்தக் காலத்து க்ளையன்ட்டும் மிஞ்ச முடியாது. திருச்சி தன்னுடையதே அல்லவாம். டில்லி பாதுஷாவுக்குச் சொந்தமாம். தான் அவருக்குக் கீழே ஒரு பிரதிநிதி மட்டும்தானாம். "எனக்கு ஓகேதான் ஸார், ஹெட் ஆபீஸ்ல அப்ரூவல் வரணும்!" என்று நீங்களும் நானும் கேட்ட அதே வசனம். ஆங்கிலேயர்களோ, இப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே தங்களுக்கு இப்போதுதான் தெரியும் என்று கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு சமரசம்: இரண்டு மாதம் பொறுங்கள், கோட்டையைத் தருகிறேன். அதுவரை ஸ்ரீரங்கம் தீவு, அதன் சுற்றுவட்டார வருமானத்தை நீங்கள் வசூல் பண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம்! கணக்குப் பார்த்து வண்டி கட்டியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நஞ்சராஜர் கட்டவில்லை. 'இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இப்போ போனா எல்லாம் வீண்' என்று நினைத்திருப்பார் போலும். திருச்சியைச் சுற்றியே முகாம் போட்டுக்கொண்டு இருந்தார். இரண்டு மாதம் போயிற்று, சாவி வரவில்லை. அந்த வருடக் கடைசியில் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். கோட்டைக்குள் ஆளை விலைக்கு வாங்கிக் கள்ளத்தனமாக உள்ளே நுழையப் பார்த்தார். பலிக்கவில்லை. 1753-ல் பொன்மலையடியில் பெரிய சண்டை. இன்றைக்கு ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு ஊதுகிற அதே கோல்டன் ராக். அதிலும் பலிக்கவில்லை. முராரி ராவ் பார்த்தார். சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. 1754-ல் முகாமை விட்டு விலகி, எதிர்ப்பக்கத்திடமே பணம் பேசிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். நியாயமா என்று கேட்காதீர்கள். கெட்டிக்காரத்தனம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நஞ்சராஜர் மட்டும் 1755 வரை இருந்தார். மைசூர் மேலேயே படை வருகிறது என்று சேதி வந்த பிறகுதான் கிளம்பினார். மூன்று வருடம்! திருச்சியில் ஒரு செங்கல்கூடக் கிடைக்கவில்லை. கஜானா காலி. ஊரில் அவருடைய சிப்பாய்களே சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். அந்தப் பாக்கியைப் பேசித் தீர்த்து நல்ல பெயர் வாங்கியவர், திருச்சி முகாமில் இவருக்குக் கீழே சாதாரணத் தளபதியாக இருந்த ஒருவர். 1761-ல் மைசூர் ராஜ்யமே அவர் கைக்குப் போயிற்று. பெயர் ஹைதர் அலி.

கிளைவைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தெப்பக்குளக் கரையில் கிளைவ் தங்கிய வீடு என்று திருச்சிக்காரர்கள் காட்டுவார்களே, அந்த கிளைவும் பாதியில் வேலை மாறின ஆசாமிதான். 1743-ல் கும்பெனியில் 'ரைட்டர்' என்று சேர்ந்தார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிற ரைட்டர் இல்லை. மூட்டைக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. சம்பளம் வருடத்துக்கு 5 பவுண்டு. மதராஸில் அந்த நாற்காலி அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. 1747-ல் அதே கும்பெனியின் பட்டாளத்துக்கு மாறிக்கொண்டார். முதலாளியை விடவில்லை, வேலையை விட்டார். இப்படியும் ஒரு வழி உண்டு. "இந்த டேட்டா வேலை எனக்கு ஒத்து வரலை ஸார், டிசைன் வேலை இருந்தா குடுங்க" என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. (அவர் மாறாமல் குமாஸ்தாவாகவே இருந்திருந்தால் நாம் எவ்வளவோ சந்தோஷமாக இருந்திருப்போம் என்பது வேறு விஷயம்.)

சரி, நாம் வருவோம். உங்களிடம் யானையும் இல்லை, ஒட்டகமும் இல்லை. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. இன்றைக்கும் அதேதான்.

பலபேருக்கு இருக்கிற முதல் பயம்: "கையெழுத்துப் போட்டுட்டேன், முடிச்சே ஆகணும்னு கோர்ட் கட்டாயப்படுத்துமோ?" பொதுவாக முடியாது. ஒருத்தருடைய சொந்தத் திறமையை நம்பி நடக்கிற வேலையை 'செய்தே தீரு' என்று உத்தரவு போட்டு வாங்க முடியாது என்று 1963-ம் வருடக் குறித்தவகைத் துயர் தீர்ப்புச் சட்டத்தின் 14-ம் பிரிவு சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் தலையில் துப்பாக்கி வைத்தால் மொழிபெயர்ப்பு எப்படியிருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

ஆனால் நஷ்டஈடு கேட்கலாம். எவ்வளவு? இங்கேதான் நோட்டீஸில் வருகிற பெரிய தொகையைப் பார்த்து வேர்க்கிறது. "பாதியில் விலகினால் ஒரு லட்சம்" என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தால் ஒரு லட்சம் தந்துவிட வேண்டியதில்லை. 74-ம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான அளவுதான் கிடைக்கும். நஷ்டமே ஏற்படாத இடத்தில் நஷ்டஈடு இல்லை என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க எதிர்த் தரப்புக்கு வழி இருந்ததா என்பதையும் 73-ம் பிரிவு பார்க்கச் சொல்கிறது. நீங்கள் போனதும் அவர் வேறு ஆளைத் தேடியிருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மொத்தத்தையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

அதற்காகத் துள்ளிக் குதிக்க வேண்டாம். எப்போது விலகுகிறீர்கள் என்பதில்தான் நஷ்டம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு வீடியோ எடிட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டீர்கள் என்று வையுங்கள். ஐப்பசியில் விலகினால் அவர் மயிலைத் தேடுவார், குயிலைத் தேடுவார், ஆள் கிடைத்துவிடும். உங்களுக்கும் அவருக்கும் மனஸ்தாபத்தோடு போயிற்று. பகல்பத்து முடிகிற ராத்திரி போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தால்? விடிந்தால் சொர்க்கவாசல்! சொர்க்கவாசலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடச் சொல்ல முடியுமா? அப்போது வருகிற நஷ்டம் அசல் நஷ்டம். கோர்ட்டும் அப்படித்தான் பார்க்கும், அரங்கனும் அப்படித்தான் பார்ப்பார்.

முழுநேர வேலைக்கு 'பாண்ட்' எழுதிக் கொடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமா எழுத வேண்டாம். அது வேறு கணக்கு. மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் என்று எழுதி வாங்கிய விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. பொதுத்துறை வங்கி ஒருத்தரைப் பிடிக்க விளம்பரம், பரீட்சை என்று செய்கிற செலவை கோர்ட் கணக்கில் எடுத்துக்கொண்டது. இன்னும் பழைய வழக்கு ஒன்று: செஞ்சுரி நிறுவனத்தில் ஐந்து வருடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம்கூட ஆகாமல் போட்டிக் கம்பெனிக்குத் தாவினார் ஒருவர். அந்த ஐந்து வருடம் முடிகிறவரை அதே மாதிரி வேலையை வேறிடத்தில் செய்யக் கூடாது என்று போட்ட தடையை 1967-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ஒப்பந்தம் நடக்கிற காலத்துக்குள் இப்படித் தடுக்கலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் "எங்கள் லைனில் யாரிடமும் வேலை செய்யாதே" என்று எழுதி வாங்கியிருந்தால், அது 27-ம் பிரிவின் முன்னால் நிற்காது.

'வேலை கசக்கிறது' என்பதிலேயே இரண்டு தினுசு இருக்கிறது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் கசப்பு அவர்கள் பக்கம். அவர்கள் முதலில் செய்ய வேண்டியதை, அதாவது தவணைப் பணத்தையோ வேலைக்கான விவரத்தையோ தராமல் இழுத்தடித்துவிட்டு, நீங்கள் முடிக்கவில்லை என்று கேட்க முடியாது. 54-ம் பிரிவு அதற்குத்தான். வேலை சொன்னபடியே இருக்கிறது, பணமும் ஒழுங்காக வருகிறது, உங்களுக்குத்தான் போரடிக்கிறது என்றால்? அது உங்கள் கசப்பு. அப்போதும் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, செய்யாத வேலைக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தனக்குப் போரடித்ததையெல்லாம் க்ளையன்ட்டின் துரோகமாகப் பேசுகிற நண்பர்கள் எல்லா மெஸ்ஸிலும் இருக்கிறார்கள்.

உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருப்பது பலருக்குத் தெரியாது. நீங்கள் சம்பள ஊழியர் இல்லையென்றால், எழுதிய கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் முதல் சொந்தக்காரர் பொதுவாக நீங்கள்தான். 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையைக் கையெழுத்திட்ட எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். (போட்டோ, ஓவியம், சினிமா மாதிரி, காசு கொடுத்துச் செய்யச் சொன்ன சிலவற்றுக்கு வேறு விதி.) நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் உரிமையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்று இருந்தால் ராஜயோகம். பாக்கிக்காக ஒட்டகத்துக்கு விலை போட்ட மாதிரி, பேசி முடிக்க உங்களிடம் ஏதோ இருக்கிறது.

பாக்கியே வராமல் போனால்? சிறு தொழில் என்று 'உத்யம்' பதிவு செய்திருந்தால், 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளைக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி! அதற்கான வசதியாக்கக் கவுன்சில் தமிழ்நாட்டில் நாலே ஊரில்தான். அதில் ஒன்று திருச்சி. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பது முக்கியம். கதவு சாத்திய பிறகு பூட்டு வாங்கப் போகாதீர்கள். சிவில் வழக்கு என்றால் மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்னொரு ரகம் உண்டு. இவர்களிடம் கணக்கும் கிடையாது, தீர்வும் கிடையாது. "வீட்டிலிருந்தே டைப் பண்ணுங்க, வாரம் இத்தனை ஆயிரம்" என்று மெசேஜ் வரும். ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஐந்து நாள் கண் எரிய டைப் அடித்துக் கொடுத்ததும் "தப்பு ஜாஸ்தி, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், பணம் கட்டுங்கள்" என்று ஒரு 'வக்கீல்' போன் பண்ணுவார். வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரையோடு 'கோர்ட் நோட்டீஸ்' வரும். சூரத்திலிருந்து இயங்கிய இப்படிப்பட்ட கும்பல்களைப் போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. ஒப்பந்த மீறல் சிவில் விவகாரம். அதற்காக யாரும் நாளைக் காலையில் வந்து கைது பண்ண மாட்டார்கள். ஐந்து பைசா கட்டாதீர்கள். 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து பணம் கட்டிய பிள்ளைகள்தான் இவர்களுடைய முதலீடு.

நிஜமான க்ளையன்ட்டுக்கு விலகல் கடிதம் எழுத உட்காருகிறீர்கள். மனசில் இருக்கிற பதினாறு பச்சையையும் கொட்ட வேண்டும் போலத் தோன்றும். கொட்டாதீர்கள். நாலு வரி போதும்:

'ஐயா, இன்ன தேதியில் ஒப்புக்கொண்ட வேலையில் 1 முதல் 60 பக்கம் வரை முடித்து இத்துடன் அனுப்பியுள்ளேன். பேசியது 50 பக்கம். இப்போது கேட்பது 110. இந்த நிபந்தனையில் என்னால் தொடர இயலாது. வரும் 15-ம் தேதியோடு விலகிக்கொள்கிறேன். முடித்த 60 பக்கத்துக்கான தொகையில் தாங்கள் தந்த அட்வான்ஸைக் கழித்து பாக்கிக்கான பில் இணைத்துள்ளேன். வேலையைத் தொடர்பவருக்கு 15-ம் தேதி வரை விவரம் சொல்லித் தர இயலும்.'

ஒரு பகுதி முடிகிற இடமாகப் பார்த்து விலகுங்கள். நடுப்பக்கத்தில் நிறுத்தினால் அந்த அரைப் பக்கத்தின் விலை என்ன என்று ஆறு மாதம் பேச வேண்டிவரும். போனில் சொன்னாலும், அதையே மெயிலில் ஒரு தடவை அனுப்பிவிடுங்கள். முகமது அலி மாதிரி "இன்னும் ரெண்டு மாசம்" என்று அவர் சொன்னால், அந்த இரண்டு மாதத்துக்கு என்ன தருவார் என்பதையும் அதே மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் யோசிக்கலாம்.

அவருடைய பாஸ்வேர்டுகளையும் ஃபைல்களையும் திருப்பிக் கொடுத்து, 'கிடைத்தது' என்று பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு மட்டும் அவசரப்பட்டு வெளியேற வேண்டாம். பச்சை, நூற்றுப்பத்து பக்கம், "பேமென்ட் நாளைக்கு தம்பி" எல்லாம் அதில்தான் தேதியோடு இருக்கிறது. முதலில் அந்த சாட் முழுவதையும் எடுத்து பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். வெளியேறுவது அதற்கப்புறம்.